அப்பா எனக்குக் கொடுத்த மரியாதை

நான் மதுரையில் உளவியல் படித்த காலத்தில் எங்கள் ஊருக்கு என்னைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. எனக்குப் பைத்தியமா, இல்லை பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறேனா? கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைப் பந்தலும் வாழையுமாக இருக்கிற ஊர் எங்களுடையது. சைக்காலஜி என்ற சொல் அங்கே ஒருவர் வாயிலும் முழுசாக நுழையவில்லை. "சைக்கோ காலேஜி" என்றுதான் நுழைந்தது. "புள்ள எங்கன படிக்குது?" என்று யாராவது கேட்பார்கள். "மதுரையில, சைக்கோ காலேஜில" என்று பக்கத்து வீட்டுக்காரர்களே பதில் சொல்லிவிடுவார்கள். கேட்டவர்கள் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் அம்மாவை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போவார்கள்.

அப்பாவுக்கு மட்டும் ஒரே பெருமை. "எம் மக ஆளப் பாத்ததும் அவன் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லிப்புடுவா" என்று திராட்சை வாங்க வரும் வியாபாரிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கேரளாவிலிருந்து வரும் வியாபாரி ஒருவர் அதற்குப் பிறகு நான் இருக்கும் இடத்தில் விலையே பேச மாட்டார். அது ஜோசியம் இல்லையப்பா என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். மகள் அடக்கமாகப் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

படிப்பு முடிந்தது. கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக வேலையும் கிடைத்தது. ஜூன் மாதம் சேர வேண்டும். அதற்கு முந்தைய கோடையில்தான் எல்லாம் நடந்தது. சொந்தத்தில் ஒரு காதுகுத்து. கறிச்சாப்பாடு முடிந்து ஆண்கள் எல்லாம் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வழக்கம்போல என் பெருமையை ஆரம்பித்தார். அம்மாவின் அண்ணன், என் மாமா, சும்மா இருக்கிற ஆளில்லை. "எங்க, ஒங்கப்பாவப் பத்தியே சொல்லு பாப்போம்" என்றார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சொல்லு ஆத்தா, சும்மா சொல்லு" என்றார்.

அப்பாவின் வாயில் வெற்றிலை இருந்தது. எப்போதும் இருக்கும். எனக்கோ பரீட்சைக்கு உருப்போட்டதெல்லாம் இன்னும் நாக்கு நுனியில் இருந்தது. பிறந்த குழந்தைக்கு உலகமே வாய்தான், அந்தப் பருவத்தில் தாய்ப்பால் சரியாகக் கிடைக்காமல் போனால் வளர்ந்த பிறகும் வாய் சும்மா இருக்காது, பீடி, நகம், வெற்றிலை என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும் என்று ஒரு கொள்கை உண்டு. வாய்வழிப் பருவம் என்று அதற்குப் பெயர். அதை அப்படியே எடுத்துவிட்டேன். கேட்டார்கள், சொன்னேன். இதில் என் தப்பு என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

"அடடே, மச்சானுக்குப் பாலு பத்தலையாம்ப்பா!" என்று மாமா தொடையைத் தட்டிச் சிரிக்க, கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு எழுந்து போய் வெற்றிலையைத் துப்பினார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை, "அவுக எந்திரிச்சிட்டாகளா?" என்று அப்பா அம்மாவிடம் கேட்பது காதில் விழுந்தது. யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் போல என்று நானும் எட்டிப் பார்த்தேன். அந்த ‘அவுக’ நான்தான்.

எங்கள் பக்கத்தில் வாத்தியார் வந்தாக, மாப்பிள்ளை சொன்னாக, பேங்க் மேனேஜர் போனாக. பெற்ற மகள் என்றால் வந்தா, போனா, தின்னா, தூங்குனா. மகளுக்கு ‘ஆக’ போட்டால் வீட்டில் இடி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். முந்தின நாள் வரை நான் கழுதை, கிறுக்கி, சந்தோஷம் மிஞ்சினால் ஆத்தா. இப்போது "சாப்பிட்டாகளா", "படுத்துட்டாகளா". நேருக்கு நேர் பார்த்துவிட்டால் "வாங்க". இதில் திண்டாடியது அம்மாதான். அம்மாவுக்கு அப்பா ‘அவுக’, அப்பாவுக்கு நான் ‘அவுக’. "அவுக கோவமா இருக்காக" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னால், யார் என்று இரண்டாவது தடவை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நாலு வசவு வைதிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. ஜூனில் ஊரைவிட்டுப் போய்விடுவேன். அதற்குள் அப்பா என்னை ஒரு தடவையாவது கழுதை என்று கூப்பிட்டுவிட வேண்டும். கூப்பிடாமலே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டால், போன இடத்தில் எந்தப் பிள்ளைக்கு நான் என்ன ஆலோசனை சொல்ல முடியும்?

படித்ததை எல்லாம் இறக்கினேன். முதலில் வலுவூட்டல். வேண்டிய நடத்தை வந்தால் பரிசு கொடு, அது மறுபடி வரும் என்பது பாடம். எலியைப் பெட்டியில் போட்டுச் செய்துகாட்டுவார்கள். அப்பாவுக்கு என் கையால் போடும் சுக்குக் காப்பி உயிர். ‘ஆக’ இல்லாமல் ஒரு வார்த்தை பேசினால் காப்பி என்று மனசுக்குள் திட்டம் போட்டு, அடுப்படியில் சுக்கும் கருப்பட்டியும் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எலிக்குப் பெட்டியைவிட்டு வெளியே போக வழி கிடையாது. அப்பாவுக்குக் கம்பம் ரோட்டில் டீக்கடை இருக்கிறது.

அடுத்து, கண்டுகொள்ளாமல் விடுவது. கவனிக்காமல் விட்டால் வேண்டாத நடத்தை தானாக ஓய்ந்துவிடும் என்று புத்தகம் சொல்லும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தேன். அப்பா கவனிக்கவே இல்லை. அம்மா கவனித்து, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குக் கசாயம் வைத்துக் கொடுத்தாள்.

பிறகு, பரிவோடு கேட்டல். எதிராளி சொல்வதை நம் வாயால் அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் மனசு திறக்கும். அப்பா உள்ளே வந்து, "மோட்டாரு ஓடல, கரெண்டு வரல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். "கரண்ட் வராததுனால மோட்டார் ஓடலன்னு உங்களுக்கு வருத்தமா இருக்கு, இல்லப்பா?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். "ஏய், அவுகளுக்குக் காது சரியாக் கேக்கலபோல. நான் சொன்னதையே திருப்பிச் சொல்றாக. கோயம்புத்தூரு போறதுக்கு முன்னாடி தேனியில நல்ல டாக்டராப் பாத்துக் காட்டு" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது.

கடைசியாக ஆளுமைச் சோதனை. நீங்கள் கூட்டத்தை விரும்புபவரா, தனிமையை விரும்புபவரா என்று தொடங்கும் கேள்விகள் போனில் இருந்தன. அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். "அத அவுககிட்டயே கேளு. அவுகளுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று பதில் வந்தது. குத்திக் காட்டுகிறார் என்று எனக்கும் கோபம் வந்துவிட்டது. போங்கப்பா நீங்களும் உங்கள் மரியாதையும் என்று பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தேன்.

கோயம்புத்தூருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் அம்மா வாழை இலை அறுத்துவரச் சொன்னாள். தோட்டத்தில் அப்பா வரப்பில் உட்கார்ந்து மருந்து தெளிக்கிற ஸ்பிரேயரைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார். திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தேன். பன்னீர்த் திராட்சை கறுக்கத் தொடங்கியிருந்தது. இனி எப்போது வருவேனோ என்று நினைத்தபடி கைக்கு எட்டிய கொத்தில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டேன்.

"ஏ கழுத! துப்புடி! துப்புடி மொதல்ல!"

வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "இப்பத்தானடி மருந்தடிச்சுட்டு எறங்குனேன், கண்ணு தெரியலயா? கொப்புளி. இன்னுங் கொப்புளி. தோட்டக்காரன் வீட்டுல பொறந்துட்டு, கெடைச்சத வாயில போடுற, கைக்கொழந்தையாடி நீயி?"

நான் கொப்பளித்துக்கொண்டே சிரித்தேன். வாய்வழிப் பருவம் யாருக்கு என்று நன்றாகத் தெரிந்துபோயிற்று. அதைவிட, கழுதை என்று சொல்லிவிட்டார். நாலு தடவை ‘டி’ போட்டுவிட்டார். அவருக்கும் அது அப்போதுதான் உறைத்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நல்லாக் கொப்புளிச்சிட்டீகளா?" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க? இவ்வளவு நாளாவா ஒரு கோபம்?" என்று கேட்டேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பந்தலின் கல்தூணில் சாய்ந்துகொண்டார்.

"எங்காத்தா ஏலக்காட்டு வேலைக்கு மலைக்குப் போயிருச்சு. நான் அப்ப தவழக்கூட இல்ல. எங்கத்ததான் நொய்க்கஞ்சியக் கரைச்சு ஊத்தி வளத்துச்சு. அழுதா அது வெரலச் சப்பக் குடுக்குமாம். இத ஒங்கம்மாகிட்டகூட நான் சொன்னதில்ல. நீ வெத்தலைய மட்டும் பாத்துட்டுச் சொல்லிப்புட்ட."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கோவம்னா அன்னைக்கே ரெண்டு திட்டுத் திட்டிட்டு மறந்திருப்பேன். கோவமெல்லாம் இல்ல. பயமா இருக்குல்ல? இன்னும் உள்ள என்னத்தையெல்லாம் பாத்து வச்சிருக்காளோன்னு. ஒன்னயப் பாத்தாலே வாத்தியார் முன்னாடி நிக்கிற மாதிரி இருக்கு. அப்பறம் வாங்க போங்கன்னு தானா வருது."

மனித நடத்தையை இரண்டு வருசம் படித்துப் பட்டம் வாங்கிய நான், பெற்ற தகப்பனின் பயத்தைக் கோபம் என்று நினைத்து எலிக்குச் செய்கிற வித்தையெல்லாம் செய்துகொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கைக்குழந்தையாக அழுதுகொண்டு கிடந்த அப்பாவிடம் போய் எந்தக் கொள்கையைச் சொல்வது?

"அப்பா, அது குருட்டாம்போக்குல சொன்னது. பரீட்சையில பத்து மார்க் கேள்வி. அதை எங்களுக்கு நடத்துன டீச்சரே முழுசா நம்பல."

"வெத்தல போடுற எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்லுவியா?"

"ஆமா."

"அப்ப என் மனசுல ஓடுறது ஒனக்குத் தெரியாது?"

"ஒண்ணுமே தெரியாதுப்பா. சத்தியமா."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று அவர் பார்த்த பார்வைக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. பிறகு மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சட்டென்று கவலை வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒண்ணுந் தெரியாதுன்னு நாளைக்குப் பள்ளிக்கூடத்துல போயி ஒளறித் தொலைக்காதடி கழுத. வேலைய விட்டு அனுப்பிருவாக."