கோயிலுக்கென்று சொல்லிப் போன பரீட்சை

போர்டிங் ஸ்கூல் என்பது துரைமார் பிள்ளைகள் போகிற இடம் என்றுதான் எங்கள் ஆட்கள் நினைத்திருந்தார்கள். நுழைவுத் தேர்வில் முன்னுக்கு வந்தால் இலவசமாகவே இடம் கிடைக்கும் என்று அப்பா எங்கேயோ அறிந்துகொண்டு வந்தார். அன்றோடு என் விளையாட்டுக்கெல்லாம் சங்கு ஊதியாயிற்று.

அப்பா ஊரில் கணக்கு வாத்தியார். லண்டனில் பெற்றோல் செட்டில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே என்னைக் கூப்பிடுவார். ஒருநாள் கணக்கு, மறுநாள் ஆங்கிலம். எதிர்ச்சொற்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்முகத்துக்கு ஒத்திகை. அதில் அப்பாதான் தலைமை ஆசிரியை. ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்பார். பியானோ பழகுகிறேன் என்று நான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பியானோ எங்கே இருந்தது? கட்டில் போடவே இடமில்லை!

கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் இருந்தோம். கீழே இன்னொரு யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஒரு அன்ரியும் என் வயது மகளும். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குசினி. அன்ரி புட்டு அவித்தால் முதல் கோப்பை எனக்குத்தான் வரும். அவர்களுக்குக்கூட பரீட்சை பற்றிச் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. பாஸ் பண்ணின பிறகு ஊருக்கே சொல்லுவம். அதுவரைக்கும் மூச்சு விடாதை, விளங்கிச்சோ?"

அந்த நாட்களில்தான் ஊரில் அன்ரியின் தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போனது. உயிரோடு இருக்கிறாரா என்று ஒருவருக்கும் தெரியாது. அன்ரி டெலிபோனுக்குப் பக்கத்திலேயே கிடந்தார். தேத்தண்ணி மட்டும் குடிப்பார். சோறு இறங்காது.

பரீட்சை ஒரு சனிக்கிழமை. கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்புவது அப்பாவின் திட்டம். பொய் பொருந்த வேண்டாமா? எனக்குப் பட்டுப் பாவாடை, நெற்றி நிறையத் திருநீறு. யூனிஃபோர்ம் அம்மாவின் பைக்குள் இருந்தது. வாசலில் அன்ரி எழும்பி வந்தார்.

"அக்கா, கோயிலுக்கே? அப்ப என்ர தம்பியின்ர பேரிலை ஒரு அர்ச்சனை செய்துவிடுங்கோ. டெலிபோன் கோல் வந்தாலும் வரும், நான் விட்டிட்டு வர ஏலாது."

தம்பியின் பேரையும் நட்சத்திரத்தையும் இரண்டு தரம் சொன்னார். அம்மா மணிக்கூட்டைப் பார்த்தபடி "ஓம், ஓம்" என்றார்.

ஸ்டேஷன் கழிப்பறையில் உடுப்பு மாற்றினேன். அம்மா ஈரக் கடதாசியால் என் நெற்றியை அழுத்தித் துடைத்தார். பரீட்சையை வெளுத்து வாங்கினேன். நேர்முகத்தில் பியானோவும் தவறாமல் வந்தது. எல்லாம் முடிய, கோயில் நடை சாத்தும் நேரமாகிவிட்டது.

"இப்ப அவவுக்கு என்னத்தைக் குடுக்கிறது?" என்று அம்மா ரயிலில் கேட்டார்.

"வீட்டுத் திருநீறும் திருநீறுதானே," என்றார் அப்பா.

நான் திரும்பவும் பாவாடைக்குள் புகுந்தேன். சாமித்தட்டில் இருந்த திருநீற்றைக் கடதாசியில் மடித்து, அப்பாவே கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். அன்ரி அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

"அண்ணை, சாமியிலையிருந்து பூ விழுந்ததே? எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்," என்றார் அப்பா. கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"அப்ப இருக்கிறான்! என்ர தம்பி இருக்கிறான்!" அன்ரி திருநீற்றைத் தானும் பூசி, மகளுக்கும் பூசினார். அன்றைக்குத்தான் குசினியில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். அவர் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்க முடியாமல் மேலே ஓடினேன்.

சில வாரங்களில் இடம் கிடைத்துவிட்டதென்று அறிவித்தார்கள். அப்பா துள்ளிக் குதிக்காத குறை. "இப்பவும் சொல்லாதையுங்கோ, பிள்ளை ஸ்கூலுக்குப் போய்ச் சேரட்டும்," என்றார். அன்ரிக்கு இன்னும் ஒரு செய்தியும் வந்திருக்கவில்லை. வரும் என்று அவர் தைரியமாகக் காத்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அப்பாவுக்குச் சொல்லாமல் என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பேரைக் கேட்டார். அம்மா சொன்னார். நட்சத்திரம் கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆங்கிலத்தில் எத்தனையோ எதிர்ச்சொற்கள் எனக்கு நாக்கு நுனியில் நின்றன. அந்த நட்சத்திரம் மட்டும் இல்லை.

"தெரியாட்டில் சுவாமி பேருக்குச் செய்வம்," என்றார் ஐயர்.

அம்மா வேண்டாம் என்று தலையாட்டித் தட்டைத் திருப்பி வாங்கினார். "வா, போய்க் கேப்பம்."

"கேட்டால் அன்ரிக்குத் தெரிஞ்சுபோமே, அம்மா!"

"தெரியட்டும். இந்த வெக்கங்கெட்ட சீவியம் போதும்."

அன்ரி குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது அம்மா என்னென்னவோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அன்ரியின் முகத்தைக் கண்டதும் அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே கேட்டுவிட்டார்.

"தங்கச்சி, தம்பியின்ர நட்சத்திரம் என்ன?"

அன்ரியின் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. என் கையிலிருந்த தட்டையும் அதில் உடைக்காமல் இருந்த தேங்காயையும் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"உத்தரட்டாதி," என்றார். "பூ வலப்பக்கம் விழுந்தது எண்டு நம்பித்தானே அக்கா, நான் இவ்வளவு நாளும் சாப்பிட்டனான்."