தம்பிக்குச் சதை பிடித்த ஆடி மாதம்

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்குக் குற்றாலத்தில் சாரல் விழுந்த மறுநாளே சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். சித்திரையில் இருக்கிறாயா செத்தாயா என்று கேட்காதவர்கள்கூட ஆனி பிறந்ததும் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக வந்து இறங்கி, "சும்மா ஒங்களப் பாத்துட்டுப் போலாம்னுதான்" என்பார்கள். அருவியில் குளித்துவிட்டு வந்தால் பசி சும்மா இருக்குமா? அம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவது ஆவணியில்தான்.

எழுபத்தெட்டோ ஒன்பதோ, எனக்கு எட்டு வயது, தம்பிக்கு இரண்டரை. அந்த வருடம் சாரலுக்கு முன்பே அவனுக்கு முகமும் காலும் வீங்கின. சிறுநீரகத்தில் கோளாறு, உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "உப்பு ஒரு கல்லுகூட சேக்கக் கூடாதும்மா. உப்பு உள்ள போச்சுன்னா நீர் எறங்காது" என்றார். நானும் கூடத்தான் போயிருந்தேன். ஆனால் என் அறிவுக்கு, அடிபட்டால் வருவதுதான் வீக்கம். அடிபடாமல் கன்னம் பெருத்தால் அது கொழுகொழு.

மாத்திரையில் நீர் வடிந்து தம்பி குச்சியாகிவிட்டான். அம்மா அவனுக்கென்று தனிச் சட்டியில் சோற்றைக் குழைய வேகவைத்து, உப்பில்லாமல் பருப்புக் கடைந்து பிசைந்து வைப்பாள். அவன் ஒரு வாய் வாங்கி, அவள் மேலேயே துப்புவான்.

இந்த நிலைமையில்தான் வீரகேரளம்புதூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். அவள் பேசினால் அப்பாவே பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

"ஏட்டி, பிள்ளைக்குச் சோறு போடுதியா இல்லையா? எலும்பும் தோலுமால்லா கெடக்கான்!"

"டாக்டர் உப்பு சேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ மதினி."

"நல்லாருக்கே கத! உப்பில்லாத சோத்த நீ திம்பியா? பெத்த பிள்ளைய வத்தப் போட்டுட்டு டாக்டர் மேல பழியப் போடுதா" என்று அத்தை வந்திருந்த கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்துவிட்டேன். அத்தை மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தம்பியைக் குண்டாக்கிக் காட்டி அவள் வாயை அடைக்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

அதற்கு வசதியும் இருந்தது. விருந்தாளிகள் இருக்கும் நாட்களில் தம்பிக்கு ஊட்டுவது என் வேலை. சாரல் ஈரத்தில் கல் உப்பு கசிந்து ஜாடிக்கு அடியில் நீர் கட்டிக் கிடக்கும். அம்மா பந்தி பரிமாறப் போகும் நேரம் பார்த்து அதில் ஒரு கரண்டி எடுத்து அவன் கிண்ணத்தில் ஊற்றிப் பிசைந்தேன். முதல் வாயைத் துப்பத் தயாராக வாங்கியவன், கொஞ்சம் யோசித்தான், விழுங்கினான், மறுபடியும் வாயைத் திறந்தான். அன்றைக்குக் கிண்ணத்தை வழித்துத் தின்றான். அடடா, எனக்கு இருந்த சந்தோஷம்!

அதன்பிறகு வேளை தவறாமல் நடந்தது. பத்து நாளில் கன்னம் வந்தது. இடுப்பில் அரைஞாண் கயிறு இறுகியது; நானே முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். இருட்டோடு எழுந்து பாத்திரங்களோடு மல்லுக்கட்டிய அம்மாவுக்கு அவனை நின்று பார்க்க நேரமில்லை.

ஆடியில் அத்தை மறுபடியும் வந்தாள். வந்ததும் தம்பியைத் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளினாள். "ஏ யப்பா, இப்பம்லா பிள்ள பிள்ளையா இருக்கான்! நான் அன்னைக்குச் சொன்னது ஒறச்சிட்டு பாத்தியா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

அம்மா சிரித்துக்கொண்டு வருவாள் என்று நான் காத்திருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் தம்பியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவனை வாங்கி மடியில் போட்டு, முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினாள். பிசைந்த மாவில் அழுத்தியது போலக் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அம்மா அவன் கிண்ணத்தில் மிச்சமிருந்த சோற்றில் ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, குடைகூட எடுக்காமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

"பாத்தியளா, நல்லதச் சொன்னாலும் மூஞ்சியத் தூக்கிட்டுப் போறத!" என்றாள் அத்தை.

அன்றே அவனைத் திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள். நீர் நெஞ்சுவரை ஏறி மூச்சு முட்டுகிறது, இரண்டு நாள் தாங்கினால் பார்க்கலாம் என்கிறார்கள் என்று அப்பா வந்து சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார். நான் அழவில்லை. நல்லவேளை, உடம்பைத் தேற்றி அனுப்பியிருக்கிறோம், தாங்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

தாங்கினான். இன்றைக்கு அவனுக்கே பேரப்பிள்ளை வந்தாயிற்று.

கை தவறித் தானே உப்புப் போட்டுவிட்டதாக அம்மா டாக்டரிடமும் அப்பாவிடமும் சொல்லியிருந்தாள் என்பது எனக்குக் கல்யாணமான பிறகு தெரிந்தது. "ஒங்கம்மா ஒருதடவ பிள்ளையக் கொல்லப் பாத்தால்லா" என்று அப்பா வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு எனக்கு மன்னிப்பு கிடையாது.

அந்த வருடம், இருபது நாள் கழித்து அவர்கள் திருநெல்வேலியிலிருந்து திரும்பி வந்தபோது நான் வாசலுக்கு ஓடினேன். அம்மா இடுப்பில் பழையபடி குச்சிக் கையும் குச்சிக் காலுமாகத் தம்பி. கன்னம் இருந்த இடம் தெரியவில்லை. நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

அம்மா அவனை இறக்கிவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "அழாதட்டி. அதான் பொழச்சு வந்துட்டாம்லா. ஒங்கப்பாட்ட நான் ஒண்ணும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்" என்று காதோடு சொன்னாள்.

எதைச் சொல்ல மாட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. பாடுபட்டு ஏற்றிய சதையையெல்லாம் ஆஸ்பத்திரியில் கரைத்துவிட்டார்களே, இனி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே என்றுதான் நான் அழுதுகொண்டிருந்தேன்.