கையில் கொடுக்க நினைத்த டிக்கெட்

இலண்டனில் தரைக்கடியில் ஓடும் ரயிலுக்கு டியூப் என்று பெயர். அதற்கு டிக்கெட் வாங்கப் போனால், ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைக்காரர் என் உள்ளங்கையிலிருந்து தன் விரலாலேயே காசைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார். எனக்குப் படிப்பு இல்லை. இந்த ஊர்க் காசில் எது பெரிது, எது சிறிது என்பதும் பிடிபடவில்லை. பார்வைக்குப் பெரிதாக இருக்கும் செப்புக்காசுக்கு மதிப்பு குறைவு. நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான வெள்ளிக்காசுக்கு மதிப்பு அதிகம். அதனால் இருப்பதையெல்லாம் கையில் பரப்பி நீட்டிவிட்டு, போக வேண்டிய இடத்தின் பெயரை மட்டும் சொல்வேன். முதல் நாள் அவர் விரல் பட்டதும் சூடு பட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டேன். காசெல்லாம் தரையில் உருண்டது. பின்னால் நின்ற கோட்டுக்காரர்கள் குனிந்து பொறுக்கித் தந்தார்கள். தன் நகம் கீறிவிட்டதோ என்று நினைத்து அந்த மனிதர் ‘சாரி, சாரி’ என்றார். தப்பு என்னுடையது என்று சொல்லத் தெரியாமல் நான் கும்பிட்டேன். அவருக்கு அதுவும் விளங்கவில்லை. பதிலுக்கு அவரும் கும்பிட்டார்.

நான் ஏன் கையை இழுத்தேன் என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். விருதுநகரை அடுத்த ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஊரில் முக்கால்வாசி நிலம் பெரிய வீட்டுக்குச் சொந்தம். எங்கள் தெரு மொத்தமும் அந்த நிலத்தில்தான் வேலை. பொழுது சாய்ந்ததும் என் அப்பா பெரிய வீட்டு வாசலுக்கு வெளியே இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி நிற்பார். கூலி மேலிருந்து விழும். கொடுக்கிற கை, வாங்குகிற கையில் பட்டுவிடக் கூடாது. நாங்கள் ஏதாவது கொடுக்க வேண்டுமென்றாலும் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொள்ள வேண்டும். அவர்கள் பிறகு எடுத்துக்கொள்வார்கள். இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. நடக்கப் பழகியதை எப்படிச் சொல்ல முடியும்? அப்படித்தான் அதுவும் வந்தது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் நான் இங்கே வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஞானம். பாளையங்கோட்டைப் பக்கத்துப் பெண். ‘அண்ணாச்சி, டிக்கெட்ல ஆரம்பிச்சு எங்கெங்கயோ போறீகளே’ என்று சிரிக்கிறார். எனக்கு நேராகப் போகத் தெரியாது. இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் வருவேன்.

மழை பொய்த்த ஒரு வருஷம் நிலத்தை விட்டுவிட்டுச் சிவகாசியில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனேன். மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் ஸ்டேஷனில், உடன் வேலை பார்த்த முனியாண்டியோடு எடை பார்க்கும் மிஷினில் ஏறினேன். காசு போட்டதும் அது பல்லைக் கடிப்பது மாதிரி சத்தம் போட்டுவிட்டு, எடையும் பலனும் அச்சடித்த ஒரு அட்டையைத் துப்பியது. முனியாண்டிக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். ‘ஏலே, ஒனக்குப் பெரிய பதவி வரப்போவுதாம்லே! நாளைக்கு மேஸ்திரிய எந்திரிக்கச் சொல்லிட்டு நீ போயி உக்காந்துக்க!’ என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கக் கத்தினான். பதவி எதுவும் வரவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் ஏறிய வேட்டி சட்டைக்காரருக்கும் அதே மிஷின் அதே சத்தம் போட்டு அதே மாதிரி அட்டையைத்தான் துப்பியது. யார், எந்தத் தெரு என்று அது கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு கம்பெனியில் தீக்குச்சி மருந்து பற்றிக்கொண்டு என் முதுகு வெந்தது. வைத்தியம் பார்த்த விருதுநகர் டாக்டர் வீட்டிலேயே தங்கிச் சமையல் பழகினேன். அந்த வீட்டில் தெரு பார்க்க மாட்டார்கள். அவர் மேல்படிப்புக்கு இங்கே வந்தபோது என்னையும் கூட்டி வந்தார். அவர் இருக்கும் ஆஸ்பத்திரியின் அடுப்படியில் எனக்கும் வேலை கிடைத்தது. என்னைப் பெயரோடு மிஸ்டர் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவது வேறு யாரையோ என்று முதலில் எல்லாம் திரும்பிப் பார்ப்பேன்.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் டாக்டர் அடுப்படிக்கே வந்தார். ‘சங்கிலி, உங்க ஊர்ப் பெரிய வீட்டுப் பையன் இஞ்சினீயர் படிக்க வாராரு. வார வெள்ளிக்கிழம கப்பல்ல எறங்கி ரயில்ல வருவாரு. ஊரு புதுசுல்ல, நீரே போயி டியூப்ல கூட்டிட்டு வந்துரும்’ என்றார்.

அன்று முழுக்க உருளைக்கிழங்கின் தோலோடு கிழங்கையும் சேர்த்துச் சீவினேன். என் அப்பா யார் வாசலில் நின்றாரோ, அவருடைய பேரன், எனக்குப் பழகிய ஊருக்கு வழி தெரியாதவராக வருகிறார். வழி நான்தான் காட்ட வேண்டும், டிக்கெட் நான்தான் வாங்க வேண்டும். அந்த டிக்கெட்டை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வேறு ஒன்றும் இல்லை. ஒரு பேச்சுப் பேச வேண்டும், பழையதைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. கீழே வைக்காமல், ஒரு மனிதன் இன்னொரு மனிதன் கையில் கொடுப்பதைப் போல ஒரு தடவை கொடுத்துவிட்டால் போதும்.

ஜன்னலில் வாங்கினால் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதை அவர் பார்க்கக் கூடாது. ஸ்டேஷனில் ஆள் உயரத்துக்கு இரும்புப் பெட்டி மாதிரி டிக்கெட் மிஷின்கள் நிற்கின்றன. வந்த நாளிலிருந்து நான் அவற்றின் பக்கமே போனதில்லை. ஞானத்திடம் பழக்கிவிடச் சொன்னேன்.

‘ஏன் அண்ணாச்சி, எப்பமும் போல ஜன்னல்லயே வாங்கலாம்லா?’

‘அவுக முன்னால கைய ஏந்திக்கிட்டு நிக்க மாட்டேம்மா.’

வேலை முடிந்ததும் ஞானம், கப்பலில் வருபவர்களின் ரயில் வந்து நிற்கும் பெரிய ஸ்டேஷனுக்கே என்னைக் கூட்டிப்போனார். அங்கிருந்து எங்கள் இடத்துக்கு டியூப் டிக்கெட் ஆளுக்கு ஆறு பென்ஸ். எழுத்துத் தெரியாததால், எந்த மிஷின் என்பதை ஜன்னலை ஒட்டியது என்று அடையாளம் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங். அந்த ஷில்லிங் காசைப் போட்டால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கும். டிக்கெட்டும் மீதி ஆறு பென்ஸும் விழும். எடை மிஷினின் அண்ணன் என்று தோன்றியது. பயம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ரயிலிலிருந்து இறங்கிய கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. புதுக் கோட்டுக்குள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு, டிரங்குப் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் விரிந்தது.

‘ஏலே சங்கிலி! வந்துட்டியா! ஒருத்தன் பேச்சும் வெளங்கலலே எனக்கு!’

என் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளை. ஆனாலும் நம் பேச்சைக் கேட்டதும் என் மனம் ஒரு நொடி குளிர்ந்ததை மறைக்க மாட்டேன். ‘வாங்க சின்னையா, சாப்பிட்டீகளா’ என்றபடியே பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்கப் போனேன்.

‘தலையில வைக்காதலே, எல்லாரும் பாக்காக. அந்தப் பக்கம் புடி’ என்று மறுபக்கத்தை அவரே பிடித்தார்.

கீழே டியூப் ஸ்டேஷனுக்குப் போய், பெட்டியோடு அவரை ஓரமாக நிறுத்திவிட்டு மிஷினில் ஷில்லிங்கைப் போட்டேன். கடகட சத்தம் வரவில்லை. காசு அப்படியே கீழ்க் கிண்ணத்தில் வந்து விழுந்தது. கோட்டில் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் விழுந்தது. மிஷினின் நெற்றியில் சிவப்பாக ஏதோ எழுத்து எரிந்துகொண்டிருந்தது. பழகிய நாட்களில் அது எரிந்ததில்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

‘என்னலே, ஒன் காசு இங்கனயும் செல்ல மாட்டேங்குதா?’ என்று சின்னையா சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். இந்த மிஷின் தெருவைக் கேட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

பின்னால் நின்ற கிழவி ஒருத்தி அந்தச் சிவப்பு எழுத்தைத் தட்டிக் காட்டி என்னவோ சொன்னார். தனக்கு வழிவிடச் சொல்கிறார் என்று விலகினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, ஷில்லிங்கை எடுத்துக்கொண்டு, தன் பையிலிருந்து இரண்டு ஆறு பென்ஸ் காசுகளை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். மிஷினுக்குள் மீதி தரச் சில்லறை தீர்ந்துபோனால் அந்த எழுத்து எரியும் என்று பிறகு ஞானம் சொன்னார். காசுகளைப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட் வந்தது.

திரும்பினேன். சின்னையா பக்கத்தில் வந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் நினைத்தபடியே, உள்ளங்கை விரிந்து, என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அப்போது என் கை என்ன செய்தது தெரியுமா? அவர் கையைத் தாண்டிப் போய், மிஷினின் விளிம்பில் டிக்கெட்டை வைத்தது. கால் இரண்டு அடி பின்னால் நகர்ந்தது. ‘எடுத்துக்கிடுங்க சின்னையா’ என்று வாய் சொன்னது. எதையும் நான் நினைத்துச் செய்யவில்லை.

அவர் கை அந்தரத்தில் நின்றது. டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

‘இங்கன யாரு பாக்கா, சங்கிலி?’ என்றார் மெதுவாக. ‘ஏலே’ அதில் இல்லை.

யாரும் பார்க்கவில்லைதான். கிழவிகூடப் போய்விட்டிருந்தார். ஊரில் செய்தபோது அடிக்குப் பயந்து செய்தேன், பிழைப்புக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கடல் தாண்டி வந்த இடத்தில், கை நீட்டிக் கேட்டவரிடம், யாரும் சொல்லாமல் நானே செய்தேன். இதை ஞானத்திடம் சொல்லவே இத்தனை மாதம் ஆயிற்று. எழுதும்போது அவர் தலை நிமிரவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டியில் கூட்டமில்லை. இருவர் உட்காரும் இருக்கையில் அவர் உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் பக்கத்தில் நின்றேன். ‘உக்காரு’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, வாய்க்குப் பழகாத வார்த்தையைச் சொல்கிறவரைப் போல, ‘உக்காருங்க’ என்றார். உட்கார்ந்தேன். எனக்கு இடம் விட அவர் சுவரோரமாக நகர்ந்தார். நான் நகர்ந்து அந்த இடத்தை நிரப்பவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம், பாதி உடம்பு இருக்கையிலும் பாதி உடம்பு வெளியிலுமாக, விழுந்துவிடாமல் ஒரு காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டே இறங்குகிற இடம் வரை வந்தேன்.