அப்பாவுக்குப் பதில் நான் பேசிய கூட்டம்

அப்பாவுக்குத் திக்குவாய். அதிலும் 'த' வரிசை எழுத்துகள் அவரைப் படாத பாடு படுத்தும். அப்படிப்பட்டவர் தேனீ வளர்க்கப் போனது எங்கள் உறவுக்காரர்களுக்குப் பெரிய வேடிக்கை. அவர் அவற்றைப் 'பூச்சி' என்று சொல்லியே காலத்தை ஓட்டினார்.

மீஞ்சூர் ரயில் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேன் வேலை. கொடியையும் விளக்கையும் காட்டினால் போதும், வாய்க்கு அதிகம் வேலையில்லை. வீட்டுக்குப் பின்னால் முருங்கை நிழலில் இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியில், ஒரு பள்ளிக்கூட அறையில், தேனீ வளர்ப்பவர்களுக்குக் கூட்டம் நடக்கும். அரசாங்க அதிகாரி ஒருவர் வந்து பாடம் எடுப்பார். அப்பா ஒன்றையும் தவறவிடமாட்டார். ஒன்பது வயதான என்னையும் பாசஞ்சர் வண்டியில் கூட்டிப்போவார். எனக்கு ரயிலும் கூட்டத்தில் தரும் பிஸ்கட்டும்தான் முக்கியம். அவருக்குச் சந்தேகம் வந்தால் என் காதில் சொல்வார். நான் எழுந்து கேட்பேன்.

ஒரு வருடம் கோடை கொளுத்தியது. பூவும் இல்லை, தண்ணீரும் இல்லை. எல்லோர் வீட்டுத் தேனீக்களும் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிட்டன. எங்கள் பெட்டிகள் இரண்டும் மட்டும் இரைந்துகொண்டிருந்தன. அதிகாரிக்கு ஆச்சரியம். "அடுத்த மாசம் நான் பேசப் போறதில்ல, நீங்கதான் பேசணும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா சரியென்று தலையாட்டியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அம்மா பதறிப்போனாள். "இன்னாத்துக்குய்யா ஒத்துக்கினு வந்தே? நாலு பேரு சிரிக்கிறதுக்கா?"

அப்பா மறுநாள் காலையிலிருந்து பெட்டிகளுக்கு முன்னால் நின்று பேசிப் பார்க்க ஆரம்பித்தார். தனியாகப் பேசும்போது அவருக்குத் திக்குவதே இல்லை. கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டே கேட்ட எனக்கு ஒரு வாரத்தில் முழுப் பேச்சும் மனப்பாடமாகிவிட்டது.

கூட்டத்தன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். முப்பது பேர் வந்திருந்தார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" என்பது சுலபமாக வந்துவிட்டது. "எங்க ஊட்டுப் பூச்சி ஓடாததுக்குக் காரணம் பெருசா ஒண்ணும் இல்ல" என்பதும் வந்தது. அடுத்த சொல் 'தண்ணி'.

"த... த..."

கழுத்து நரம்பு புடைத்தது. கண்களை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் இருந்த ஆரம்பாக்கத்து மாந்தோப்புக்காரப் பெரியவர், "மெதுவா சொல்லு நைனா, இன்னா அவசரம்?" என்றார்.

அப்பா மறுபடி வாயைத் திறந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"தண்ணி!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். "பொட்டி மேல ஈரச் சாக்கு போடணும். பக்கத்துல தட்டுல தண்ணி வெச்சி, பூச்சி முழுகாம உக்கார்றதுக்குக் கூழாங்கல்லு போடணும். தேனு மொத்தத்தையும் எடுத்துடாம அதுங்களுக்கும் உடணும்..." மூச்சு விடாமல் கடைசிவரை ஒப்பித்தேன். அறையே கைதட்டியது. அப்பாவும் தட்டினார். பிறகு உட்கார்ந்துகொண்டார்.

வெளியே பிஸ்கட் வாங்க நின்றபோது அந்தப் பெரியவர் என்னிடம் குனிந்து, "நீ ஏன் கண்ணு எய்ந்தே? அவுரே சொல்லியிருப்பாரு" என்றார். என் பேச்சு எடுபட்டது அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். அவர் நீட்டிய மாம்பழத்தை வாங்காமல் நகர்ந்துவிட்டேன்.

ரயிலில் அப்பா என் தலையைத் தடவி, "நல்லா சொன்னேம்மா" என்றார். அதன் பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் நான்தான் அம்மாவிடம் சொன்னேன். "நல்ல வேள, நீ கூடப் போனே" என்று அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா சட்டையைக் கழற்றி மடித்துவைத்துவிட்டுப் பின்பக்கம் போனார்.

கூட்டங்களுக்குத் தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் யாராவது ஏதாவது கேட்டால் சிரித்துக்கொண்டே என் பக்கம் கைகாட்டிவிடுவார். எனக்கு அது பெருமையாக இருந்தது. அப்பாவைக் காப்பாற்றிவிட்டதாகவே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அன்று அந்த அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முப்பது பேரும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாமல் போனது எனக்கு மட்டும்தான்.