வாடகை மெஷின்களின் முதலாளி

துடைத்துக்கொண்டே மெஷினைத் திட்டுகிறார் ஷூ பட்டறை முதலாளி கரெகின் தெர்சியான். "வீட்டோட மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கியே! எண்ணெய் ஊத்தணும், தொடச்சு விடணும், ஒரு வார்த்தை கேக்கக் கூடாது!" தையல் பெண்கள் தலை நிமிராமல் சிரிக்கிறார்கள்.

அது வெறும் கேலி இல்லை. சில ஆண்டுகள் முன்புவரை, அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து எங்கள் ஹேவர்ஹில் ஊரில் ஷூ செய்கிற யாருக்கும் பெரிய மெஷின்கள் சொந்தமில்லை. எல்லாம் ஒரே கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தவை. விற்க மாட்டார்கள். ஒரு திருகாணி கழன்றாலும் கம்பெனி மெக்கானிக் வந்துதான் முடுக்க வேண்டும்.

ஊருக்கு ஷூ செய்யும் கரெகினின் காலில் எப்போதும் கிழிந்த கம்பளிச் செருப்பு. காபி குடித்ததும் கோப்பையைக் கவிழ்த்து, வண்டலில் குறி பார்ப்பார். கெட்ட குறி வந்தால், "கோப்பை சரியில்ல" என்று வேறு கோப்பை கேட்பார்.

அரசாங்கம் அந்தக் கம்பெனிமேல் ஏகபோக வழக்குப் போட்டபோது, சாட்சி சொல்லாமல் பெரிய முதலாளிகள் நழுவினார்கள். அரசாங்க வக்கீல்கள் இவரிடம் வந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கரெகின் பட்டறையில் எல்லோரையும் கூட்டினார். அங்கே தைத்துத்தான் என் அம்மா நுவார்த் என்னைப் படிக்க வைத்தாள். அன்று நானும் விடுமுறை வேலையில் இருந்தேன்.

"நான் பேசினா கம்பெனிக்காரன் மெஷினத் தூக்கிட்டுப் போனாலும் போயிடுவான். அப்புறம் உங்க அடுப்பு எரியாது. சொல்லுங்க."

"இப்ப மட்டும் என்ன, அவன் மனசு வச்சாத்தானே எரியுது?" என்றாள் அம்மா, ரொட்டியை மென்றபடி. "போய்ச் சொல்லிட்டு வாங்கண்ணே. இந்தச் செருப்போட மட்டும் கோர்ட்டுக்குப் போயிடாதீங்க, எங்க மானம் போயிடும்."

பாஸ்டன் போனார். "வாங்கிக்கிறேன்னு கேட்டேன். விக்க மாட்டேன்னாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். வழக்கு இழுத்த காலமெல்லாம், வாசலில் லாரி நின்றாலே எங்கள் தையல் நின்றுவிடும். நல்லவேளை, யாரும் எதையும் தூக்கிப் போகவில்லை. மெஷின்களை விற்கவும் வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

கல்லூரியில் அந்தத் தீர்ப்பு எனக்குப் பாடம். அதில் அந்த லாரி பயத்தைத் தேடினேன். இல்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்னவோ.

சென்ற மாதம், கால் வடிவ அச்சின்மேல் தோலை இழுத்துப் பிடிக்கும் மெஷின் ஒன்றைக் கரெகின் சொந்தமாக வாங்கினார். அந்த வாரமே அது சிக்கிக்கொண்டது. பழக்கத்தில் எல்லோரும் விலகி நின்று, மெக்கானிக் வருவாரென்று வாசலைப் பார்த்தோம். கரெகின் திருப்புளியை எடுத்தார். மெஷின் மூடிவரை கொண்டுபோனார். பிறகு திரும்பி, "நீ சொல்லித்தானே கோர்ட்டுக்குப் போனேன்" என்று அதன் பிடியை அம்மாவின் பக்கம் நீட்டினார்.