தோணியை மன்னித்த ஊர்

1. ஜீப் நின்றதும்

கல்முனையில் எங்கள் ஜீப் நின்று, நாங்கள் இறங்குவதற்குள் வரிசை நின்றுவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எல்லோர் கையிலும் அடையாள அட்டையின் பிரதி. சுனாமிக்குப் பிந்திய காலம் அது. வெளியூர் வாகனம் ஒன்று தெருவில் நின்றால் ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம். பாய், பானை, சைக்கிள் எல்லாம் வந்திருந்தன. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பனிக்குப் போடும் கம்பளிக் கோட்டுகூடக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வெயிலில் அதையும் வாங்கி மடித்து வைத்திருந்தார்கள்.

முன்னால் நின்றவர் கேட்டார்: "என்ன சேர் தாறீங்க?"

நான் அப்போது கொழும்பிலிருந்து போகும் மோசடி விசாரணைக் குழுவில் சிங்களம், தமிழ் மொழிபெயர்ப்பாளன். சொந்த ஊர் திருக்கோவில். இன்ஸ்பெக்டர் சிங்களவர், நேர்மையான மனிதர், தமிழில் ஒரு சொல் தெரியாது. அவர் சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதை அவருக்கும் சொல்வது என் வேலை. இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகள் மொழி தெரிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"நாங்க ஒண்டும் தரல்ல. வாக்குமூலம் எடுக்க வந்திருக்கிறம். சீமெந்து ஹாஜியாரப் பத்தி" என்றேன்.

மழைக்குக்கூட அந்த ஊர் அப்படிக் கலைந்து ஓடியிருக்காது. ஓடாமல் ஒருவர் மட்டும் நின்றார். பாண்டிருப்பைச் சேர்ந்த மீனவர், பெயர் சாமித்தம்பி. முறைப்பாடு கொடுத்தவரும் அவர்தான்.

அவருடைய தோணியை சுனாமி எடுத்துக்கொண்டது. சீமெந்து ஹாஜியார் ஊரில் பெரிய முதலாளி. சீமெந்து, லொறி, அரிசி ஆலை என்று கை வைக்காத இடமில்லை. தோணி இழந்தவர்களுக்குப் புதுத் தோணி கொடுக்கச் சொல்லி வெளிநாட்டுக்காரர்கள் அவருடைய தர்ம நிதிக்குத்தான் காசு அனுப்பினார்கள். ஹாஜியாரும் கொடுத்தார். மாலை போட்டு, பதாகை கட்டி, படம் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் அவருடைய ஆட்கள் வந்து, இஞ்சின் சரிபார்க்க வேண்டும் என்று தோணியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வரவில்லை. வேறு நிறம் பூசிக்கொண்டு அடுத்த கரைக்குப் போனது. அங்கே வேறொருவருக்கு மாலை, பதாகை, படம்.

சாமித்தம்பி அரசாங்கத் தோணியாவது கேட்கலாம் என்று கடற்றொழில் கந்தோருக்குப் போனார். அங்கே அந்தப் படத்தைக் காட்டினார்கள். "உங்களுக்குத்தான் தோணி கிடைச்சிட்டே, சிரிச்சுக்கொண்டு நிக்கிறீங்களே."

"சிரிக்கச் சொன்னாங்க சேர், சிரிச்சன்" என்றார் என்னிடம். அந்தச் சிரிப்பால் அவர் அடுத்தவன் தோணியில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு பெண்பிள்ளைகள் வீட்டில்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "இவருடைய சொல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். நீதிமன்றம் படத்தைத்தான் நம்பும். தோணி வாங்கிய இன்னொருவராவது இதையே சொல்ல வேண்டும். சனிக்கிழமை ஜீப்பைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கொழும்பிலிருந்து உத்தரவு. அதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் கோப்பு மூடப்படும்."

2. சோறு கிடைக்காத மூன்று நாள்

தோணி வாங்கியவர்கள் எல்லோரையும் தேடிப் போனோம். எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், ஒருவரும் இல்லையென்று வீட்டுக்குள் இருந்தே சொன்னார்கள்.

சந்தைக்குப் பக்கத்தில் லெப்பைக்காக்காவின் சாப்பாட்டுக் கடை. அவரும் முன்பு மீன்பிடித்தவர். ஹாஜியாரின் தோணியோடு படத்தில் நின்றவர். தோணி போனபிறகு கடை போட்டார். முதல் நாளே எங்களுக்குச் சோறில்லை என்று சொல்லிவிட்டார். அடுப்பில் சோறு கொதிப்பது வாசல்வரை மணந்தது.

"ஹாஜியாரப் புடிக்க வந்த ஆக்களுக்கு என்ட கடையில சோறில்ல."

"காக்கா, உங்கட தோணியையும் எடுத்தாரெல்லோ?"

"எடுத்தாருதான். மறுகா என்ன? மத்தப் பணக்காரனுகள் ஒண்டும் குடுக்கவேயில்ல. இவரு குடுத்துட்டுத்தானே எடுத்தாரு!"

நான் இதை அப்படியே மொழிபெயர்த்தேன். இன்ஸ்பெக்டர் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். "சரியாக மொழிபெயர்க்கிறீரா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. பசியும் இருந்தது.

ஊர் முழுக்க இதே கதைதான். ஹாஜியார்மேல் விசாரணை வந்தது தங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி யாரோ தவறாகப் பேசியதுபோல அவர்களுக்கு உறைத்தது. கடைகள் ஒரு நாள் கதவடைத்தன. பாடசாலைப் பிள்ளைகள் பதாகை பிடித்தார்கள். பதாகைக்குச் சீலை கொடுத்தவர் யாரென்று கேட்டால், அதுவும் ஹாஜியாரின் நிதிதான். ஊர் அவருக்காக நேர்ச்சை வைத்துச் சோறு ஆக்கிப் பங்கிட்டது. எங்களுக்கு விசுக்கோத்து மட்டும்.

அவர் எடுத்ததை யாரும் மறுக்கவில்லை, அதுதான் எனக்குத் தலை சுற்றியது. எடுத்தார், ஆனால் சொல்லக்கூடாது. உயிரோடு இருக்கிற நல்ல மனிதனின் குறையைப் பொலிசுக்குச் சொல்வது அந்த ஊருக்கு மரியாதையாகப் படவில்லை.

சாமித்தம்பி ஒவ்வொரு பின்னேரமும் வந்து, "ஆராவது சொன்னாங்களா சேர்?" என்று கேட்பார். இல்லை என்பேன். "சரி சேர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

3. அறிவித்தல்

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டருக்கு ஒரு யோசனை வந்தது. வீடுவீடாகப் போனால் ஒளிகிறார்கள், பொதுவில் கூப்பிட்டால் வரலாம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்வோம். அன்று ஹாஜியாரின் களஞ்சியத்தை சீல் வைக்கும் வேலை இருந்தது. களஞ்சியம் அவருடைய வீட்டை ஒட்டியே இருந்ததால், மக்களை அங்கேயே வரச் சொல்லலாம் என்றார். அவர் சிங்களத்தில் சொல்ல, நான் பயபக்தியான தமிழில் எழுதினேன்:

"சீமெந்து ஹாஜியார் அவர்களிடமிருந்து யாருக்காவது ஏதாவது வரவேண்டியிருந்தால், அன்னாரின் வீட்டு முன்றலுக்கு வந்து தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மோதினார் ஒரு வயதான மனிதர். தாளை வாங்கி வாசித்தார். சால்வையால் கண்ணைத் துடைத்தார். ஹாஜியார்மேல் விசாரணை வந்ததற்கு அழுகிறார் என்று நினைத்தேன். அந்த ஊரில் அது புதிதில்லை. சலாம் சொல்லி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, குரல் நடுங்க வாசித்தார்.

எனக்குத் தெரியாதது இதுதான். முஸ்லிம்கள் மத்தியில் ஒருவர் மௌத்தானால் அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் உறவுக்காரர் ஒருவர் எழுந்து, இன்னாரிடமிருந்து யாருக்காவது ஏதாவது வரவேண்டியிருந்தால் வந்து சொல்லுங்கள், இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்பார். கடனோடு மனிதன் கபுறுக்குள் போகக்கூடாது. தொழுகை இல்லாத முற்பகல் நேரத்தில் அந்த ஒலிபெருக்கி மௌத்துச் செய்தி தவிர வேறெதற்கும் வாய் திறந்ததில்லை. அதில், அந்தக் குரலில், அந்த வார்த்தைகளையே எழுதிக் கொடுத்துவிட்டு, நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

ஹாஜியார் அதற்கு முந்திய நாளே கொழும்பில் சட்டத்தரணியைப் பார்க்கப் போயிருந்தார். சட்டத்தரணி சொன்னபடி போனை நிறுத்தியிருந்தார். ஆகவே அவருடைய மனைவியாலும் விசாரிக்க முடியவில்லை. நாங்கள் களஞ்சியத்தை, உள்ளே கிடந்த தோணியோடு சீல் வைத்துவிட்டு, முன்னால் மேசை போட்டபோது வீட்டுக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது.

4. மேசை

முதலில் வந்தவர் லெப்பைக்காக்கா. சோறில்லை என்ற அதே மனிதர், நேராக மேசைக்கு வந்தார்.

"எழுதுங்க சேர். ஹாஜியார் எனக்குத் தந்த தோணிய அடுத்த நாளே எடுத்துட்டாரு. நீலப் பெயின்ட் அடிச்ச தோணி. அல்லாஹ்வுக்காக நான் அத மன்னிச்சிட்டன்."

சொல்லிவிட்டு விம்மி அழுதார். நான் மொழிபெயர்த்தேன். இன்ஸ்பெக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"களவைச் சொல்கிறார். உடனே மன்னித்தேன் என்கிறார். இவர் முறைப்பாட்டுக்காரரா, இல்லையா?"

"இரண்டுமாக இருக்கிறார் போல."

அவருக்குப் பின்னால் ஒருவர், பச்சைத் தோணி. அவருக்குப் பின்னால் மஞ்சள் தோணி. மருதமுனையிலிருந்து ஒருவர் மூச்சு வாங்க வந்து வெள்ளைத் தோணியை மன்னித்தார். மூன்று நாளாகப் பூட்டிக் கிடந்த வாயெல்லாம் திறந்துவிட்டது. ஒருவர்கூட ஹாஜியாரைத் திட்டவில்லை. எல்லோரும் அவரைக் கபுறின் வேதனையிலிருந்து காப்பாற்றப் போட்டிபோட்டார்கள். அன்பு மிகுந்து நிறத்தையும் கரையையும் யார் வந்து தள்ளிக்கொண்டு போனார்கள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னார்கள்.

"ஏன் எல்லோரும் அழுகிறார்கள்? யாராவது மிரட்டினார்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அப்போதுதான் தெருவில், மௌத்து வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக் கொடி கட்டுவதைக் கண்டேன். பின்னாலேயே மையித்தை வைத்துச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். நான் எழுதிய அறிவித்தலை ஊர் எப்படிக் கேட்டிருக்கிறது என்று விளங்கியது. கதிரையில் ஏறி நின்று கத்தினேன்: "ஹாஜியார் மௌத்தாகல்ல! இது விசாரணை!"

"நீங்க வெளியூர் ஆள், சும்மா இரிங்க சேர்" என்று லெப்பைக்காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே அதட்டினார். "பள்ளியில சொன்னது பொய்யா? மையித்த கொழும்பிலருந்து கொண்டு வாறாங்களாம்."

5. வேன்

நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஹாஜியாரின் வேன் தெருமுனையில் திரும்பியது. கூட்டம் கலிமா சொல்லியபடி வழிவிட்டது. வேன் ஊர்ந்து வந்து வீட்டு வாசலில் நின்றது. பின்கதவைத் திறக்க ஆட்கள் ஓடினார்கள். முன்கதவு திறந்து ஹாஜியார் இறங்கினார்.

கொடியைப் பார்த்தார். சந்தூக்கைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இன்னா லில்லாஹி... ஆரு மௌத்து?"

கடைசியில் மோதினார்தான் மெதுவாகச் சொன்னார்: "நீங்கதான் ஹாஜியார்."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நடந்ததை என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. அழுகை, சிரிப்பு, கட்டிப்பிடிப்பு. மனைவி உள்ளே மயங்கி விழுந்தார். எல்லாம் அடங்கியதும் லெப்பைக்காக்கா மேசைக்குத் திரும்பி வந்தார்.

"சேர், மன்னிச்சத வெட்டுங்க. உயிரோட இரிக்கிற ஆளுக்கு என்னத்துக்கு மன்னிப்பு? என்ட தோணி எனக்கு வேணும்."

பச்சையும் மஞ்சளும் வெள்ளையும் அவருக்குப் பின்னால் சேர்ந்துகொண்டன. ஹாஜியாருக்கு விஷயம் விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. விளங்கியபின் அவர் முதலாளியானார்.

"காக்கா, நீங்க என்ட மௌத்துக்காக மன்னிச்சீங்களா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சீங்களா?"

"அல்லாஹ்வுக்காகத்தான்."

"அவனுக்குக் குடுத்தத திருப்பி எடுக்கிறதா?"

கொடுத்ததைத் திருப்பி எடுப்பதைப் பற்றி அவர் பேசினார். ஊர் தலையைக் குனிந்துகொண்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

அந்த நேரம் சாமித்தம்பி வந்தார். கடலிலிருந்து வந்தவர் செய்தி கேட்டு, ஈரச் சாரத்தோடு மரியாதை செய்ய ஓடி வந்திருந்தார். ஹாஜியாரை உயிரோடு கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஹாஜியார் நெகிழ்ந்துபோய், "சாமித்தம்பி, நீயும் மன்னிச்சிட்டாய்தானே?" என்று கேட்டார்.

"இல்ல முதலாளி. நீங்க நல்லா இரிக்கணும். ஆனா தோணிய நான் மன்னிக்கல்ல. நீங்க செத்திருந்தாலும் மன்னிச்சிருக்க மாட்டன். எனக்குத் தோணி வேணும்."

ஊரே தனக்காக அழுது முடித்த இடத்தில் நின்றுகொண்டு, ஒரு தோணிக்காக ஹாஜியார் இல்லையென்று சொல்ல முடியாது. "களஞ்சியத்தில கிடக்கு, எடுத்துக்கொண்டு போ" என்றார்.

"முடியாது" என்றார் இன்ஸ்பெக்டர். "அது வழக்கின் சான்றுப் பொருள். சற்று முன்னர்தான் சீல் வைத்தோம்."

அதை மொழிபெயர்க்கும்போது நான் சாமித்தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.

6. கரை

கோப்பு மூடப்படவில்லை. எல்லாக் கரையிலிருந்தும் சாட்சி கிடைத்துவிட்டது. வழக்கு ஓடியது, ஓடியது. ஹாஜியாரின் சட்டத்தரணி, மற்றவர்கள் மன்னித்ததை எங்கள் குழுவே எழுத்தில் எடுத்திருக்கிறது என்று வாதாடினார். நான் ஓய்வு பெறும்வரை அந்த வாதம் முடியவில்லை. மன்னிக்காத ஒருவரான சாமித்தம்பியின் தோணியை விடுவிப்பதற்கு மட்டும் ஆட்சேபம் இல்லையென்றார். அதற்கான கட்டளைக்கும் யுத்தம் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை காலமும் சாமித்தம்பி கூலிக்குத்தான் கடலுக்குப் போனார்.

இளம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஒரு ஊருக்கு ஒரு வசனத்தைக் கொடுப்பதற்கு முன்னால், அந்த வசனத்தை அவர்கள் எப்போது கேட்டுப் பழகியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இன்னொன்றும் உண்டு. பணக்காரன்மேல் ஊருக்குக் கோபம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எனக்கு அந்த ஊர்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

கட்டளையோடு நானே பாண்டிருப்புக் கரைக்குப் போனேன். அங்கே பந்தல் போட்டிருந்தார்கள். பதாகை கட்டியிருந்தது. பிரதம அதிதி சீமெந்து ஹாஜியார், கழுத்தில் மாலையோடு. மாலை போட்டவர் லெப்பைக்காக்கா.

"என்ன காக்கா இது?" என்றேன்.

"தோணி குடுக்கிறவரு அவருதானே சேர்!"

தோணியைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஹாஜியார் ஒரு கையை அதன் விளிம்பில் வைத்து, மறுகையால் மாலையைச் சரிசெய்தார். படக்காரர் மணலில் முழங்காலிட்டு, சாமித்தம்பியைப் பக்கத்தில் வந்து சிரிக்கச் சொன்னார். சாமித்தம்பி தோணிக்குள் ஏறி இஞ்சின் கயிற்றை இழுத்தார். ஹாஜியாரின் கை காற்றில் நின்றது.

"அண்ணன், கொஞ்சம் நில்லுங்க! படம் இன்னும் எடுக்கல்ல!"

"எடுத்தாச்சு தம்பி" என்று சாமித்தம்பி திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "அண்டைக்கே எடுத்தாச்சு."