மில்லைப் பையில் கொண்டுபோன மேடம்

ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டும் வெள்ளைத் துணியை எங்கள் ராஜபாளையம் பக்கத்தில் நெய்து நாடெங்கும் அனுப்புகிறார்கள். அந்தத் துணியில் ஒரு முழம் கிழித்து, உள்ளங்கை அகலமுள்ள ஹார்ட் டிஸ்க் ஒன்றை இரண்டு சுற்றுச் சுற்றி, மூடி போட்ட எவர்சில்வர் சம்புடத்துக்குள் வைப்பார் மேடம். சம்புடம் சாப்பாட்டுப் பையின் அடிக்குப் போகும். அதன் மேல் காலி டிபன் பாக்ஸ், அதன் மேல் மடித்த குடை. பையின் ஜிப்பை இழுத்துவிட்டு, ஒரு தடவை வெளியிலிருந்து தடவிப் பார்ப்பார். மாலை ஆறேகால் மணிக்கு மில் கேட்டைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நடப்பார். மறுநாள் காலை ஒன்பதுக்குள் அதே பையோடு திரும்பி வருவார். இதை அவர் பல வருஷம் செய்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பதுதான் இதில் என் பங்கு.

மேடம் ஒரு நூற்பு மில்லின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பு. பிரிவு என்றால் ஏதோ பெரிய கூடம் என்று நினைக்க வேண்டாம்; ஒரு ஏ.சி. அறை, ஒரு சர்வர், மேடம், அவ்வளவுதான். தொழிலாளர் வருகை, சம்பளம், பஞ்சு வரத்து, நூல் அனுப்பியது எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டியை விற்றவன் நான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் எனக்குக் கம்ப்யூட்டர் விற்பனைக் கடை. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மில்லுக்குப் புதுச் சர்வர் கொடுப்பேன். நடுவில் அழைத்தால் போய்த் தூசி தட்டுவேன்.

ஒரு கோடையில் பஞ்சு குடோனில் தீப்பிடித்தது. தீ ஆபீஸ் வரைக்கும் வரவில்லை, ஆனால் தீயணைத்த தண்ணீர் வந்தது. சர்வரும் போயிற்று, அதே அறைப் பீரோவில் வைத்திருந்த நகலும் நனைந்து போயிற்று. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்று சொல்ல ஆளில்லாமல் மில்லே ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு முதலாளி போட்ட உத்தரவு இது: ஒரு நகல் தினமும் காம்பவுண்டுக்கு வெளியே போய்த் தங்க வேண்டும். முதலாளி வீடு காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு குமாஸ்தாவிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மனிதர் இரண்டாம் நாளே டிஸ்கை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு வந்துவிட்டார். "இனிமே உங்களத் தவிர யாரையும் நம்ப மாட்டேம்மா" என்று மேடத்திடம் சொன்னார் முதலாளி. பாராட்டாகத்தான் சொன்னார். அந்தப் பாராட்டுதான் மேடத்தைக் கட்டிப் போட்டது.

ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை இருந்து மேடம் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினேன். நல்ல கூட்டம். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் எழுந்து அவரை உட்காரச் சொன்னாலும் கேட்க மாட்டார் என்று தெரிந்து, பையையாவது கொடுங்கள், மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"வேண்டாம் தம்பி, உள்ள மில்லு இருக்கு" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். எவ்வளவு மந்தம் எனக்கு!

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு பெரிய ஓட்டலுக்கு, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் எங்களைப் போன்ற சின்ன விற்பனையாளர்களை எல்லாம் அழைத்திருந்தார்கள். கிளவுடு சர்வீஸ் என்றால் என்ன, அதில் உங்களுக்கு என்ன வாய்ப்பு என்று திரையில் படம் போட்டு விளக்கினார் ஒருவர். மூன்று வகை என்றார், மூன்றுக்கும் வாயில் நுழையாத பெயர் சொன்னார். மதியச் சாப்பாடு வரை எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பந்தியில் உட்கார்ந்தபோது பிடிபட்டது. கல்யாண வீட்டுக்காரர் அண்டா குண்டானைச் சொந்தமாக வாங்கியா கல்யாணம் பண்ணுகிறார்? வாடகைப் பாத்திரக் கடையில் எடுக்கிறார். சமையல் அவர் பாடு. எங்கோ வெளியூரில் உள்ள கம்ப்யூட்டரின் பலத்தையும் இடத்தையும் மட்டும் இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுப்பது அப்படித்தான், அது முதல் வகை. அடுப்பும் பாத்திரமும் தயாராக உள்ள மண்டபத்துச் சமையல்கட்டை எடுத்து நம் சமையல்காரரை இறக்கினால் அது இரண்டாவது வகை. சொந்தமாக மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அது. இத்தனை இலை என்று காண்டிராக்டரிடம் சொல்லிவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தால் மூன்றாவது. சமைத்த மென்பொருளை அப்படியே பயன்படுத்துவது. எத்தனை இலையோ அதற்குக் காசு, விருந்து முடிந்தால் பாத்திரம் கழுவுகிற கவலையும் இல்லை.

அது சரி, அண்டா விற்றுப் பிழைத்தவன் என்ன செய்வான்? நான் எழுந்து நின்று கேட்டேன். சர்வர் விற்றுத்தான் எனக்குச் சோறு. நேராகப் பெரிய கம்பெனியிடமே வாங்கிக்கொள்ளலாம் என்றால் நடுவில் நான் எதற்கு? அந்த மனிதர் நிதானமாகப் பதில் சொன்னார். யாருக்கு எது தேவை என்று விசாரித்து, பழைய இடத்திலிருந்து புது இடத்துக்குச் சேதாரமில்லாமல் மாற்றிக் கொடுத்து, நாளைக்கு ஒன்று போனால் எடுத்துத் தருகிறவனுக்கு வேலை உண்டு. உங்கள் வாடிக்கையாளர் யாரையும் எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும், அதுதான் உங்கள் சந்தை என்றார். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே பட்டியல் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை, அதற்கு ராஜபாளையத்திலும் ஒரு கிளை. வ. புதுப்பட்டி உரக்கடை. கட்டுத்துணி வெளியூருக்கு அனுப்புகிறவர். எல்லாருக்கும் மேலே மில்லின் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு அடித்தேன்.

ஏன் அடித்தேன் என்றால், மில் மேனேஜர் ஒரு தடவை விளையாட்டாகச் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தம்மாவுக்கு ரிட்டையர் ஆகிற வயசு தாண்டிவிட்டது, டிஸ்கைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்பதற்காகத்தான் வருஷா வருஷம் நீட்டித்துக் கொடுக்கிறோம் என்று. மேடத்துக்குக் கணவர் இல்லை. ஒரே மகள், கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார். நகல் தானாகவே வெளியூர் போய்ச் சேர்ந்துவிட்டால் இவரை எதற்கு வைத்துக்கொள்வார்கள்? என் வாயால் ஒரு பெண்ணின் வேலை போக வேண்டாம் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால் அது முழுக்க இரக்கம் மட்டும் இல்லை. அடுத்த வருஷம் அந்த மில்லுக்குப் புதுச் சர்வர் வாங்க வேண்டிய முறை. அந்த ஆர்டரை இழக்க எனக்கு மனசில்லை. இரக்கத்துக்குப் பின்னால் அது பதுங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் போயிற்று. மற்ற எல்லாரிடமும் கூவிக் கூவி விற்றேன். மேடத்திடம் மட்டும் வாய் திறக்கவில்லை. புதுசா என்ன வந்திருக்கு தம்பி என்று அவர் கேட்கும்போதெல்லாம் பிரிண்டரைப் பற்றிப் பேசினேன்.

பிறகு ஒரு காலையில் மேடம் என் கடை மாடி ஏறி வந்தார். அதற்கு முன் ஒரு நாளும் வந்ததில்லை. மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பால்கோவா வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் என்னைப் புகழ்ந்திருக்கிறார்.

"கடையே எரிஞ்சு போனாலும் வெவரம் பூரா வேற ஊர்ல பத்திரமா இருக்குமாமே தம்பி. தானாவே போயிருமாமே. நெசமா?"

"ஆமா மேடம்."

"எங்க மில்லுக்கு ஆகாதா அது?"

"ஆகும் மேடம்."

"எம்புட்டு நாளா ஒங்களுக்குத் தெரியும்?"

ஒரு வருஷம் என்றேன். பொய் சொல்ல வரவில்லை. காரணத்தையும் சொன்னேன், வேலை போய்விடும் என்று பயந்ததை. சொல்லும்போதே அவர் நெகிழ்ந்துபோவார் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"வேலை போனா நான் அழுதுக்கிடுவேன். இல்ல, சந்தோசப்பட்டுக்கிடுவேன். அது என் பாடு. எனக்காக நீங்க ஏன் முடிவு பண்ணுனீங்க?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எம்மகளுக்கு எட்டு வருசம் கழிச்சு ஒரு பிள்ள பொறந்துச்சு. நான் ஆறு மணி நேரம் இருந்தேன் தம்பி. ஆறே மணி நேரம்."

விவரம் அப்போதுதான் தெரிந்தது. எட்டு வருஷம் ஏங்கித் தங்கிய கர்ப்பம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரக்கூடாது, அலையவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ வந்து ஒரு மாதம் கூட இரம்மா என்று மகள் கேட்டிருக்கிறாள். மேடம் லீவு கேட்டார்; யார் டிஸ்கைக் கொண்டு போவது என்று மில்லில் கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை. குழந்தை ஒரு செவ்வாய்க்கிழமை பிறந்தது. சனிக்கிழமை சாயங்காலம் டிஸ்கை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு பஸ் ஏறி, ஞாயிறு விடியலில் கோயம்புத்தூர் போய், பேத்தியைக் குளிப்பாட்டக்கூட ஆகாமல், மத்தியானமே கிளம்பித் திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குள் மில்லில் இருந்தார். பிள்ளை பெற்ற உடம்பைச் சம்பந்தியம்மாள்தான் பார்த்துக்கொண்டார். அம்மாவுக்கு மில்லுதான் மூத்த பிள்ளை என்று மகள் சொன்னாளாம். அதற்கப்புறம் போன் வருவதும் குறைந்துபோயிற்று. இதெல்லாம் நடந்தது நான் இரக்கம் காட்டிக்கொண்டிருந்த அதே வருஷத்தில்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஓடி ஒளியலாம் போல இருந்தது. அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். என்னென்ன நகல் போக வேண்டும், எப்போது போக வேண்டும், இன்டர்நெட் லைன் அறுந்தால் என்ன செய்வது என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார். இதை வைத்து விலைப்புள்ளி எழுதுங்கள், முதலாளியிடம் நானே பேசுகிறேன் என்றார்.

பேசினார். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்போ இனி நீங்க எதைம்மா வீட்டுக்குக் கொண்டு போவீங்க என்று கேலியாகக் கேட்டார். "சாப்பாட்டுப் பை மட்டும் போதும் சார்" என்றார் மேடம். முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தது நடக்கத்தான் செய்தது. அடுத்த நீட்டிப்பு வரவில்லை. மில்லில் ஒரு மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். புதுச் சர்வர் ஆர்டரும் எனக்கு வரவில்லை. மேடம் இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். ஆண்டாள் தேருக்கு வரும்போது போன் செய்வார். ஒரு தடவை மன்னிப்புக் கேட்டேன். போங்க தம்பி, வேற வேலை இல்ல என்று பேத்தியின் குறும்பைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கு என் கடையில் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள், சர்வர் விற்பதை விட்டே நாளாயிற்று. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வாடகைப் பாத்திரக் கதையைச் சொல்வேன். அதோடு, வாடிக்கையாளரின் ஆபீசுக்குப் போனால் சாயங்காலம் வரை உட்கார்ந்து, யார் எதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள். எத்தனை பேருக்குப் புரிகிறதோ தெரியாது.

ஆனால் மேடம் என்றால் எனக்கு ஞாபகம் வருவது அந்த ஒரு சாயங்காலம்தான். முதல் நகல் எங்கள் ஊர் லைனில் ஏறி முடிய எட்டு நாள் ஆனது. நடுவில் ரோட்டைத் தோண்டிக் கேபிளை வேறு அறுத்துவிட்டார்கள். அந்த எட்டு நாளும் டிஸ்க் பஸ்ஸில் போய் வந்துகொண்டுதான் இருந்தது. எட்டாம் நாள், எல்லாம் ஏறிவிட்டது மேடம் என்றேன். ஏறியது இருக்கட்டும், இறங்குமா என்று கேட்டார். ஒரு நாள் விவரத்தை எடுத்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டு நம்புகிறேன் என்றார். எந்த நாள் என்றேன். யோசிக்காமல் ஒரு தேதியைச் சொன்னார்.

தொழிலாளர் வருகைப் பதிவு கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் வந்தது. மேடம் குனிந்து தன் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டார். செவ்வாய்க்கிழமை. உள்ளே வந்தது எட்டு ஐம்பது. வெளியே போனது ஆறு பதினைந்து.

"பதினோரு மணிக்குப் போன் வந்துச்சு, பொம்பளப் பிள்ளைன்னு" என்றார். "பொறவும் ஆறேகால் வரைக்கும் இங்கதான் இருந்திருக்கேன். பாருங்க, சரியாத்தான் இருக்கு."

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். மணி நெடுநேரம் அடித்து எடுத்தாள் போலிருக்கிறது.

"ஏட்டி, நாளைக்கு வாரேன்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "இல்லட்டி, திரும்புறதுக்கு டிக்கெட் போடல."